கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும்

வானொலி வேலையில் சேர்ந்ததும் எங்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம், மௌனம் விழக்கூடாது என்பது. பாட்டு முடிந்து அடுத்த வார்த்தை வரக் கொஞ்சம் தாமதமானாலும் நேயர் நிலையத்தை மாற்றிவிடுவார். அதனால் எந்த இடைவெளியையும் உடனே எதையாவது கொண்டு நிரப்பிப் பழகிவிட்டேன். அந்தப் பழக்கம்தான் அம்மாவின் கறிவேப்பிலைச் செடியை ஏறக்குறையக் கொன்றது.

எங்கள் வீடு ஈசூனில், நான்காவது மாடியில். தாழ்வாரத்தில் ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடியோடு இருந்த அம்மாவை முழுநேரத் தோட்டக்காரராக மாற்றியது 2020ஆம் ஆண்டு. 'சர்க்கிட் பிரேக்கர்' முடிந்தபின் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசமாகக் காய்கறி விதைப் பொட்டலங்களை அனுப்பியது நினைவிருக்கும். அந்தப் பொட்டலத்தில் தொடங்கி, தேக்காவில் வாங்கிய வெண்டை விதை, சமையலுக்கு வாங்கிய வெந்தயம் என்று அம்மா தொட்டியைப் பெருக்கிக்கொண்டே போனார். வழியில் 1.2 மீட்டர் இடம் விடவேண்டும் என்ற விதிக்காக அப்பா அளவுநாடாவோடு பின்னாலேயே திரிவார்.

அம்மா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போனபின், வீட்டில் விழுந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. பூசை அறையில் உட்கார்ந்தால் மனம் நிற்கவில்லை. கீரையும் வெண்டையும் கவனிப்பாரின்றிக் காய்ந்துபோயிருந்தன. கறிவேப்பிலை மட்டும் பசுமையாக நின்றது. அதை எப்படியாவது காப்பாற்றிவிடவேண்டும் என்று பிடித்துக்கொண்டேன். காலையில் தண்ணீர், வேலை முடிந்து வந்து மறுபடியும் தண்ணீர், வாரம் தவறாமல் உரம்.

அந்த நாட்களில்தான் அடுத்த வீட்டு மாக்சிக் வாசலுக்கு வந்தார். கறிக்கு நாலு இலை கேட்டார். அம்மா இருந்தவரை அவர் கேட்கவேண்டிய தேவையே இருந்ததில்லை. போகும்போதும் வரும்போதும் அவரே கிள்ளிக்கொள்வார். அன்று நான், "செடி சரியில்லை மாக்சிக், இப்போது வேண்டாம்," என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தபடி தலையாட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு கேட்கவில்லை.

செடி உண்மையிலேயே சரியில்லாமல் போனது. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. உதிர உதிர நான் இன்னும் தண்ணீர் ஊற்றினேன். அம்மாவின் மறைவுக்குப் பிறகு அதிகம் பேசாத அப்பா ஒருநாள் வந்து குவளையைக் கையிலிருந்து வாங்கினார்.

"போதும் பாப்பா. வேர் கொஞ்சம் மூச்சு விடட்டும்."

தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுத்தோம். வேர்களில் பாதி கறுத்து, தொட்டால் நசுங்கியது. தேங்கிய ஈரத்தில் காற்றில்லாமல் அழுகியிருந்தது. நான் ஊற்றியதெல்லாம் அன்பு என்று நினைத்திருந்தேன். என் பயத்தைத்தான் ஊற்றியிருக்கிறேன்.

அப்பா அழுகிய வேர்களை வெட்டினார், கிளைகளையும் பாதியாகக் குறைத்தார். மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வைத்தார். பிறகு சொன்னதுதான் எனக்கு வலித்தது. "அம்மா தினமும் நுனியைக் கிள்ளி யாருக்காவது கொடுத்துக்கிட்டே இருப்பா. கிள்ளினாதான் பக்கத்துல கிளை வெடிக்கும். நீ ஒரு இலையைக்கூடத் தொடவிடலையே."

வள்ளலார் பயிருக்காக வருந்தியதைப் பள்ளியில் படித்தபோது, ஒரு மனிதர் செடிக்காக எப்படி வருந்த முடியும் என்று தோன்றியிருக்கிறது. அந்த மொட்டைச் செடியின் முன்னால் அன்றாடம் நின்றபோது புரிந்தது. செய்யவேண்டியதைச் செய்தாகிவிட்டது, துளிர்ப்பது என் கையில் இல்லை. விரலை மண்ணில் நுழைத்துப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடவேண்டும். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஆனால் பூசை அறையில் வராத அமைதி, அந்தச் சில நிமிடங்களில் வந்தது.

காத்திருந்த நாட்களில் அம்மா மிச்சம் வைத்த வெண்டை விதைகளை இரவு முழுவதும் ஊறவைத்து ஊன்றினேன். எட்டு விதையில் மூன்று முளைத்தன. எங்கள் தாழ்வாரத்தில் காலை வெயில் மட்டுமே விழும்; வெண்டைக்கு அது போதாது. இரண்டு மாதத்தில் நான்கு காய்கள் கிடைத்தன. வெண்டைப்பூ காலையில் விரிந்து மாலையில் வாடிவிடும். அடுத்த ஐந்தாறு நாளில் காயைப் பறிக்கவேண்டும். அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால் நார் ஏறி யாருக்கும் உதவாது. வைத்துக்கொள்ள முடியாத ஒன்றை உரிய நேரத்தில் கொடுத்துவிடு என்று ஒரு காய்கூடச் சொல்கிறது.

ஆறாவது வாரத்தில் கறிவேப்பிலையின் கட்டையில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு துளிர் வந்தது. சில மாதங்களில் செடி தேறியதும் அடுத்த சோதனை. இளம் இலைகளில் பறவை எச்சம் போலச் சில புழுக்கள். வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகள்தான் அவை. நசுக்கப்போன என்னை அப்பா தடுத்தார். அம்மா எப்போதும் ஒரு கிளையை அவற்றுக்கு விட்டுவிடுவாராம். நானும் ஒரு கிளையை விட்டேன். அது மொட்டையானது. செடி சாகவில்லை.

அந்த வாரம் ஒரு கொத்து இலையும் இரண்டு வெண்டைக்காயும் எடுத்துக்கொண்டு மாக்சிக் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. அவர் இலையை முகர்ந்து பார்த்தார். "உன் அம்மா வாசம்," என்று மலாயில் சொன்னார். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மௌனத்தை நிரப்ப எனக்குத் தோன்றவும் இல்லை.

தொட்டி வைக்க நினைக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது மூன்றே விஷயம். விரலால் தொட்டுப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சியடைய ஒரு வாரம் போதும். விளைவது நான்கு காயாக இருந்தாலும் இரண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

இப்போது எங்கள் கறிவேப்பிலையில் ஏழு கிளைகள். வேலைக்குக் கிளம்பும்போது நுனி கிள்ளப்பட்டிருப்பதைப் பார்ப்பேன். மாக்சிக் வீட்டில் இன்று கறி என்று தெரிந்துகொள்வேன்.