ஒரே மரம், ஒரு வருஷம், ஒரு சின்னக் கத்தி

போன வருஷம் மே மாசம் லீவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தோம். முற்றத்தில் அப்பா நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது வயது மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். தின்று முடித்த கூட்டை வைத்து வண்டி செய்ய ஒரு குச்சி வேண்டும். அப்பா ஒரு சின்னக் கத்தியை அவள் கையில் கொடுத்து, "இது முனையச் சீவு தாயி" என்றார். நான் பாய்ந்துபோய்க் கத்தியைப் பிடுங்கிவிட்டேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நீ இவ வயசுல நுங்கு வண்டி உருட்டினியே, குச்சிய யாருல சீவிக் குடுத்தா?"

என்னிடம் பதில் இல்லை. யாரும் சீவிக் கொடுக்கவில்லை, நானேதான் சீவினேன். எனக்குத் தெரிந்த ஒன்று என் மகளுக்கு ஏன் தெரியக்கூடாது? இந்தக் கேள்வியோடு சென்னைக்குத் திரும்பி, வழக்கம்போல ராத்திரியில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

தேடலில் முதலில் வந்து நின்றது ஃபாரஸ்ட் ஸ்கூல். பேர் ஆங்கிலமாக இருந்தாலும் வேர் ஸ்காண்டிநேவியாவில் இருக்கிறது. 1950களில் டென்மார்க்கில் எல்லா ஃப்ளாட்டாவ் என்ற பெண்மணி பிள்ளைகளைத் தினமும் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போனார். அதுவே மழலையர் பள்ளியாக ஆயிற்று. ஸ்வீடனில் 1957-இல் யோஸ்டா ஃப்ரோம் என்பவர் 'ஸ்கோக்ஸ்முல்லே' என்ற காட்டுக் கதாபாத்திரத்தை உருவாக்கி, அதன் வழியாகக் குழந்தைகளைக் காட்டுக்குப் பழக்கினார். 1993-இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து ஒரு குழு டென்மார்க் போய் இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, தங்கள் ஊரில் தொடங்கியதுதான் ஃபாரஸ்ட் ஸ்கூல்.

படிக்கப் படிக்க எனக்கு இரண்டு விஷயங்கள் முக்கியமாகப் பட்டன.

முதலாவது, போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவது. குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே பிள்ளைகள், அதே இடம், முடிந்தால் எல்லாப் பருவங்களிலும். அவர்கள் வகுத்துக்கொண்ட கொள்கைகளில் முதலாவதே இதுதான். நம்ம பள்ளிகளில் வருஷத்துக்கு ஒரு சுற்றுலா உண்டு. பஸ், பூங்கா, குரூப் போட்டோ, முடிந்தது. என் தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு ஸ்க்ரீன்ஷாட். ஒரு சிஸ்டம் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய ஸ்க்ரீன்ஷாட் போதாது, லாக் வேண்டும். பருவமும் அப்படித்தான். இலை உதிர்வதை ஒரே நாளில் யாரும் பார்த்துவிட முடியாது. போன வாரம் என்ன இருந்தது என்பது தெரிந்தால்தான் இந்த வாரம் என்ன மாறியிருக்கிறது என்பது கண்ணில் படும்.

இரண்டாவது, நிஜக் கருவிகள். கத்தி, ரம்பம், நெருப்பு, கயிறு எல்லாம் நிஜமானவை, பொம்மை இல்லை. ஆனால் 'இந்தா பிடி' என்று கொடுத்துவிடுவதில்லை. கத்தியை உறையிலிருந்து எடுக்கும் முன் கையை நீட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் ஆள் இருந்தால் எடுக்கக்கூடாது. உட்கார்ந்துதான் சீவ வேண்டும். கத்தி உடம்பை விட்டு வெளிப்பக்கமாகப் போக வேண்டும். கையுறை கத்தி பிடிக்காத கைக்கு மட்டும்தான். பிடிக்கிற கையில் போட்டால் பிடி சரியாக நிற்காது. நெருப்பைச் சுற்றி மரக்கட்டைகளால் ஓர் எல்லை உண்டு, அதற்குள் ஓடக்கூடாது. பக்கத்திலேயே தண்ணீர் வாளி இருக்கும். விறகு வைக்கும்போது ஒரு முழங்காலை ஊன்றி இருக்க வேண்டும். தீ சீறினால் சட்டென்று பின்வாங்க அதுதான் வசதி.

இவ்வளவு எதற்கு, கத்தியையே கொடுக்காமல் இருந்தால் என்ன? நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர், பிள்ளைகள் தாங்களாகவே தேடிப்போகும் சாகச விளையாட்டை 2007-இல் ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், நீர் நெருப்பு போன்ற ஆபத்தான இடங்கள், கட்டிப் புரளும் சண்டை விளையாட்டு, தனியாகத் தொலைந்து போவது. நம்ம சின்ன வயசு முழுக்க இந்தப் பட்டியலில் வந்துவிடும்! நாம் தடுத்தாலும் பிள்ளை இதையெல்லாம் தேடத்தான் செய்யும். நம் முன்னால் முறையோடு பழகுமா, நமக்குத் தெரியாமல் பழகுமா என்பதுதான் கேள்வி.

டென்மார்க்கின் பனியும் காடும் சென்னையில் கிடையாது. ஆனால் 'அதே இடம், திரும்பத் திரும்ப' என்பதற்குக் காடே வேண்டியதில்லை, ஒரு மரம் போதும். இந்தியாவில் சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டம் இதைத்தான் செய்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாராவாரம் பார்த்து, தளிர், முதிர்ந்த இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று பதிவு செய்ய வேண்டும். கேரளத்தில் நிறையப் பள்ளிப் பிள்ளைகள் இதில் இருக்கிறார்கள். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை எப்போது பூக்கிறது என்பது அங்கே ஆராய்ச்சிக்கான கேள்வி.

நாங்களும் தெருமுனைக் கொன்றையை எடுத்துக்கொண்டோம். ஞாயிறு காலை பத்து நிமிஷம், ஒரு நோட்டு. ஜூனில் கடைசிப் பூக்கள் இருந்தன, பென்சிலை விட மெல்லிய பச்சைக் காய்களும் இருந்தன. அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. "போரடிக்குதுப்பா" என்றாள். அந்தச் சலிப்பில்தான் இலையை உற்றுப்பார்த்து, இலையின் நிறத்திலேயே இருந்த புழுவைக் கண்டுபிடித்தாள். அது வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் குழந்தை என்று பிறகு தெரிந்துகொண்டோம். மழை முடிந்து காய்கள் நீண்டு கறுத்தன. மார்ச்சில் இலை கொட்டியது. ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு அவள்தான் முதலில் கவனித்தாள்: "அப்பா, போன வருஷத்துக் காயும் இந்த வருஷத்துப் பூவும் ஒரே கிளையில இருக்கு!" நாற்பது வருஷமாகக் கொன்றையைப் பார்த்தவன் நான். அந்தக் காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த மே மாசம் மறுபடி ஊர், மறுபடி நுங்கு. இந்தத் தடவை கத்தியை நானே கொடுத்தேன். கையை நீட்டிச் சுற்றிப் பார்த்தாள், உட்கார்ந்தாள், சீவினாள். பாதியில் இடது கட்டைவிரலில் ஒரு சின்னக் கீறல். நான் எழுந்துவிட்டேன். அவள் விரலைச் சப்பிக்கொண்டே, "என் பக்கமா சீவிட்டேன்பா" என்றாள். எங்கே தப்பு நடந்தது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. கழுவி மஞ்சள் வைத்துவிட்டு, குச்சியைத் திருப்பிப் பிடித்து மீதியைச் சீவி முடித்தாள்.

வண்டி கொஞ்சம் கோணலாகத்தான் ஓடியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நுங்கைச் சீவி என்னிடம் நீட்டினார்.

உங்கள் தெருவிலும் ஒரு மரம் இருக்கும். வேம்போ, புங்கையோ, எதுவானாலும் சரி. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு நோட்டோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். முக்கியமாக, அதற்கு அடுத்த ஞாயிறும் போங்கள்.