இடியாப்பத்துக்குள் ஓர் இயந்திரவியல்

நூடுல்ஸ் என்றதும் நமக்குச் சீனாவும் ஜப்பானும்தான் ஞாபகம் வரும். மலேசியாவில் 'புட்டு மாயம்' என்று ஒரு பலகாரம் உண்டு. அரிசி மாவை நூலாகப் பிழிந்து அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். அங்கே வேலைக்குப் போய்வந்த எங்கள் தெரு அண்ணன் இதைச் சொன்னதும், "அண்ணே, இது நம்ம இடியாப்பம்தானே!" என்றேன். ஆமாம், அதேதான். இந்தோனேசியாவில் இதன் உறவுக்காரப் பலகாரம் பனைவெல்லப் பாகிலும் தேங்காய்ப்பாலிலும் மிதக்கிறதாம்.

நம் நாட்டில் இதன் வேர் எவ்வளவு ஆழம்? காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது பெரும்பாணாற்றுப்படை. அதில் 'கூவியர்' என்னும் அப்ப வணிகர்கள் பாகு சேர்த்துச் செய்த, நூல் சூழ்ந்த வட்டமான பண்டம் பாலில் கிடப்பது ஓர் உவமையாக வருகிறது. இடியாப்பத்தின் மூதாதை அதுதான் என்று கருதுவோர் உண்டு.

சரி, நம் பாடத்துக்கு வருவோம். கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடும். அதற்குக் காரணம் அதிலுள்ள குளூட்டன். அரிசியில் அது கிடையாது. ஆகவேதான் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசைகிறார்கள். சூட்டில் மாவுச்சத்து வெந்து பசையாகி நூலை அறுந்து போகாமல் பிடித்துக்கொள்ளும். கொங்கு நாட்டுச் சந்தகையில் முறை தலைகீழ்: முதலில் அவித்து, சூடாக இருக்கும்போதே பிழிவார்கள்.

மாவை ஓட்டை வழியே அழுத்தி நூலாக்குவது எக்ஸ்ட்ரூஷன். பிவிசி பைப்பும் அலுமினிய ஜன்னல் சட்டமும் இதே தத்துவத்தில்தான் உருவாகின்றன.

எங்கள் அம்மா திருவெண்ணெய்நல்லூரில் இடியாப்பம் விற்றுத்தான் எனக்கு ஃபீஸ் கட்டுகிறார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். 'நான் படிக்காதவ' என்பார். ஆனால் தெர்மாமீட்டர் இல்லாமலே தண்ணீரின் பதம் சொல்லிவிடுவார். அவரிடம் இருப்பது கையால் அமுக்கும் மர அச்சு. தினமும் தோள்வலி. கடையில் விற்கும் திருகு அச்சோ சின்னது, வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது.

ஒரு கணக்குப் போட்டேன். கைப்பிடி நீளம் 10 செ.மீ., திருகின் பிட்ச் 5 மி.மீ. என்றால், உராய்வை விட்டுவிட்டால், நம் கைபலம் சுமார் 125 மடங்காகிறது. பாதி உராய்வில் போனாலும் 60 மடங்குக்கு மேல் மிச்சம்! அம்மாவிடம் காட்டினேன். "கணக்கு இருக்கட்டும், செஞ்சு குடு" என்றார்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் அதுதான். லேத் தெரிந்த நண்பர்கள் கைகொடுத்தால் சீக்கிரம் முடியும். டெஸ்ட்டிங் அன்று எல்லோருக்கும் தேங்காய்ப்பாலோடு இடியாப்பம் உண்டு!