தலைவர் பேசினால் பிள்ளை படிக்குமா?



பள்ளி விழாவுக்குத் தலைவர் வருகிறார் என்றால் பிள்ளைகளை மதியமே வரிசையாக உட்கார வைத்துவிடுவார்கள். அவர் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் "என்ன பேசினாங்க?" என்று கேட்டால், "நல்லா படிக்கணும்னு சொன்னாங்க" என்பதோடு சரி. "அப்போ இந்தப் பேச்சால என்னதான் பிரயோசனம்?" என்று குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அப்போது ஜனாதிபதியாக இருந்த பராக் ஒபாமா, 2009 செப்டம்பர் 8 அன்று வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பேசினார். அதை நாடு முழுக்கப் பள்ளிகளில் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். அவர் பேசும் முன்பே சண்டை வந்துவிட்டது! ஜனாதிபதிக்கு நாம் எப்படி உதவலாம் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லலாம் என்று கல்வித்துறை ஒரு யோசனை கொடுத்திருந்தது. "பள்ளிக்கூடத்துக்குள்ள அரசியலா?" என்று பெற்றோர் பலர் கோபப்பட்டார்கள். பிறகு அதை மாற்றி, அவரவர் படிப்பு லட்சியத்தை எழுதச் சொன்னார்கள். பெற்றோர் கேட்டது நியாயம் என்பதே எங்கள் கருத்து. பிள்ளை படிப்பது தலைவருக்காக இல்லையே!

அந்தப் பேச்சில் புத்திமதியும் நிறைய உண்டு. எங்கள் மனதில் நின்றது அவருடைய அம்மாவைப் பற்றிச் சொன்னதுதான். அவருக்கு இரண்டு வயதிலேயே அப்பா பிரிந்து போய்விட்டார். பிறகு சில வருஷம் இந்தோனேசியாவில் இருந்தபோது, மற்ற அமெரிக்கப் பிள்ளைகள் போகும் பள்ளியில் சேர்க்க அம்மாவிடம் பணமில்லை. அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை, விடியற்காலை நாலரை மணிக்கு அவரே கூடுதல் பாடம் சொல்லிக் கொடுத்தார். பையன் சமையலறை மேசையிலேயே தூங்கி விழுவானாம். முணுமுணுத்தால், எனக்கு மட்டும் இது சுகமா என்கிற மாதிரி அம்மா அதட்டுவாராம்.

நாலரை மணி நமக்குத் தெரியாத நேரமா?

பேச்சு ஒரு ஆசையைக் கிளப்பிவிடும். அது நாலு நாள் தாங்கும். அதற்குள் ஒரு சின்ன வேலையாக மாறாவிட்டால் அணைந்துபோகும். அதனால் பேச்சு கேட்டு வந்த அன்றைக்கே, "உனக்கு எது பிடிச்சுது? இந்த வாரம் என்ன செய்யப்போற?" என்று கேளுங்கள். சொன்னதைப் பிள்ளை கையாலேயே எழுதி சுவரில் ஒட்டட்டும். "எனக்குப் படிக்கத் தெரியாதே" என்று சில அக்காமார் சொல்கிறார்கள். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, வாரக் கடைசியில் "சொன்னதைச் செஞ்சியா?" என்று கேட்கலாமே. சேமிப்பு கட்டாதவரைக் குழுவில் நாம் கேட்பதில்லையா, அது மாதிரிதான்.