ஓடிய தூரமும் எழுதிக் கொடுத்த உறுதியும்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் ரோடு வழியே போகிறவர்கள் ஸ்ரீ ரமணாசிரமத்தின் வாசலைக் கடந்துதான் போகவேண்டும். 1896-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி பதினாறு வயதுப் பிள்ளையாக அவ்வூர் வந்து சேர்ந்த பகவான் ரமணர், 1950-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி சமாதியடையும் வரையில் அந்த மலையை விட்டு அகலவே இல்லை. ஆகையால் அவருக்கு மோட்டார் வண்டியைப் பற்றிய கவலை இருந்ததில்லை. அவரை நாடி வந்து, ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியேறிவிட்ட குடும்பங்களுக்கோ அந்தக் கவலை நன்றாகவே இருக்கிறது.

இவர்களில் பலர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தைக் காலால் நடந்தே முடித்துவிடுவார்கள். அதற்கு வண்டி வேண்டாம். ஆனால் திடீரென்று நள்ளிரவில் மார்பு வலித்தால் வண்டி வேண்டும். கண் வைத்தியத்துக்குப் புதுச்சேரி போக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பேரக் குழந்தைகளைப் பார்க்கச் சென்னை போக நூற்றுத் தொண்ணூறு. பெங்களூர் போக இருநூறு. புதுக் கார் வாங்கினால் சேமிப்பில் பெரும் பள்ளம் விழும். ஆகவே, "பழைய கார் ஒன்று நல்லதாகக் கிடைக்குமா?" என்று விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள். அவ்விதம் விசாரிப்பவர்களுக்காகவே நாம் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரு சிக்கலைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு கார்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, இரண்டுக்கும் வயது நான்கு, விலையும் ஒன்றே. முதல் வண்டி 26,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஆனால் சொந்தக்காரர் நேரில் விற்கிறார், உத்தரவாதம் எதுவும் இல்லை. இரண்டாவது வண்டி 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆனால் பழைய கார் விற்கும் கம்பெனி ஒரு வருஷ வாரண்டி எழுதிக் கொடுக்கிறது. எதை வாங்குவது?

பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் யோசிக்காமல் முதல் வண்டியைக் காட்டுவார்கள். குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்பது நம்மவர்களின் உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

மோட்டார் எஞ்சின் சூடேறி நிதானப்பட்ட பிறகுதான் சுகமாக வேலை செய்யும். திண்டிவனம் நெடுஞ்சாலையில் ஒரே சீராக நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குத் தேய்மானம் சொற்பம். தினந்தோறும் ஆசிரமத்திலிருந்து பெரிய கோயில் வரை இரண்டு கிலோமீட்டர் போய், நின்று, மறுபடி திரும்பும் வண்டியின் எஞ்சின் சரியாகச் சூடேறுவதற்குள் அணைக்கப்பட்டுவிடுகிறது. எண்ணெயில் ஈரம் தங்குகிறது. பாட்டரி முழுதும் சார்ஜ் ஏறுவதில்லை. கிளட்சும் பிரேக்கும் கடைத்தெரு நெரிசலில் தேய்கின்றன. புகைக் கரியைச் சேர்த்து எரிக்கும் வடிகட்டியுள்ள இக்காலத்து டீசல் வண்டியானால், குட்டிப் பிரயாணங்களால் அந்த வடிகட்டியே அடைத்துக்கொள்ளும். அதை மாற்றுகிற செலவைக் கேட்டால் பென்ஷன்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஓடாமலே நின்ற வண்டியின் கதை இன்னும் மோசம். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கோடை வெயிலில் நான்கு வருஷம் கொட்டகையில்லாமல் நின்ற காரின் ரப்பர் பாகங்கள் வெடித்திருக்கும். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. அதனால்தான் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டும் என்று பல கம்பெனிகள் விதித்திருக்கின்றன. ஆகவே 26,000 என்ற எண்ணைக் கேட்டதும் சந்தோஷப்படாமல், "அந்த 26,000-மும் எங்கே, எப்படி ஓடியது?" என்று கேட்கவேண்டும்.

அதற்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்த எண் மெய்தானா? பழைய காலத்து மீட்டரில் பற்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்றி எண்ணைக் குறைத்தார்கள். இக்காலத்து மீட்டர் மின்னணு மீட்டர், ஆகையால் ஏமாற்ற முடியாது என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒரு சிறு கருவியையும் மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு சில நிமிஷங்களில் காரியத்தை முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் கறைகூடப் படாது! இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வித்தை என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1972-ஆம் வருஷமே இதைத் தடுக்கத் தேசம் முழுமைக்கும் சட்டம் செய்தார்கள். அப்படியும் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் பொய் மீட்டருடன் அங்கே விலைபோகின்றன என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு இலாகாவே மதிப்பிட்டிருக்கிறது.

நம் நாட்டில் 2022-ஆம் வருஷம் டிசம்பரில் மத்திய அரசாங்கம் பழைய வண்டி வியாபாரிகளுக்கென்று விதிகளை வெளியிட்டது. 2023-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் அவை அமலுக்கு வந்தன. விற்பனைக்காகத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வண்டியைப் பதிவு பெற்ற வியாபாரி எதற்காக, யாரைக் கொண்டு, எவ்வளவு தூரம் ஓட்டினார் என்பதற்கு மின்னணுக் குறிப்பேடு வைக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நல்ல விதிதான். ஆனால் வண்டி வியாபாரியின் கைக்கு வருவதற்கு முன்னாலேயே மீட்டர் குறைக்கப்பட்டிருந்தால் குறிப்பேடு என்ன செய்யும்?

ஆகையால் மீட்டரை மற்றச் சாட்சிகளைக் கொண்டு குறுக்கு விசாரணை செய்யவேண்டும். முதல் சாட்சி, கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறை. ஒவ்வொரு சர்வீஸின்போதும் ஓடிய தூரத்தை அங்கே பதிந்து வைக்கிறார்கள். சொந்தக்காரரையே உடன் அழைத்துக்கொண்டு போய் அந்தச் சரித்திரத்தை வாங்கிப் பார்க்கலாம். சொந்தக்காரர் வரத் தயங்கினால் அதுவும் ஒரு சாட்சியந்தான்! இரண்டாவது சாட்சி டயர். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 3522 என்றிருந்தால் 2022-ஆம் வருஷத்தின் முப்பத்தைந்தாவது வாரத்தில் செய்தது என்று பொருள். 26,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நான்கு டயர்களும் புதியனவாக இருந்தால், பழையவை எங்கே போயின என்று கேட்கத்தான் வேண்டும். பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங் சக்கரத்தின் தோல் பளபளத்து, ஓட்டுபவரின் ஆசனம் ஒரு பக்கம் அமுங்கியிருந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் வண்டி நெடுந்தூரம் கண்டது என்றே கொள்ளலாம்.

சென்னையிலிருந்து வரும் வண்டியானால் இன்னொரு சோதனையும் அவசியம். 2015-ஆம் வருஷம் டிசம்பர் வெள்ளத்திலும், 2023-ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் மிகக் குறைவாக ஓடிய புது வண்டிகளும் உண்டு. தரைவிரிப்பைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா, ஆசனத்தின் இரும்புச் சட்டத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தண்ணீர் குடித்த மின்கம்பிகள் உடனே பழுதாவதில்லை. ஒரு வருஷம் கழித்து நடுவழியில் நிறுத்திப் பழிவாங்கும்.

இனி வாரண்டியைப் பார்ப்போம். பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ஆம் வருஷம் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்கு வண்டியின் குணம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே கொடுக்க முன்வருகிறான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மனமில்லாமல் விலகிக்கொள்கிறான். சந்தையில் மட்டமான சரக்கே மிஞ்சுகிறது. இந்த நோய்க்கு உத்தரவாதம் ஒரு மருந்து என்றும் அவர் சொன்னார். 2001-ஆம் வருஷம் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மட்டமான காருக்கு அமெரிக்கர் இட்டிருக்கும் பெயர் எலுமிச்சம்பழம்! நம் நாட்டிலோ வாங்கிய காரைக் கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு ஓட்டி வருகிறோம்.

ஆனால் வாரண்டி என்ற சொல்லைக் கேட்டு மயங்குவதும், 26,000 என்ற எண்ணைக் கேட்டு மயங்குவதும் ஒன்றுதான். பத்திரத்தை வரிக்கு வரி படிக்கவேண்டும். புது வண்டிக்குக் கம்பெனி கொடுக்கும் வாரண்டி முதல் சொந்தக்காரர் வண்டியைப் பெற்ற நாளிலிருந்து கணக்கு. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. "மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர்" என்றிருந்தால் இரண்டில் எது முந்துகிறதோ அதோடு முடிந்தது. இரண்டரை வருஷத்தில் 20,000 மட்டும் ஓடிய வண்டிக்கு மிச்சம் ஆறே மாதம். மாருதி கம்பெனி 2024-ஆம் வருஷம் ஜூலையில்தான் இரண்டு வருஷம், 40,000 கிலோமீட்டர் என்றிருந்ததை மூன்று வருஷம், ஒரு லட்சம் என்று உயர்த்தியது. அதற்கு முன் விற்ற வண்டிக்கு, கூடுதல் பணம் கட்டி நீட்டித்திருந்தாலன்றி, பழைய கணக்கே.

பழைய காருக்கு வியாபாரி எழுதிக் கொடுக்கும் வாரண்டி இன்னும் குறுகியது. பெரும்பாலும் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் அதில் அடங்கும். கிளட்ச் தகடு, பிரேக் கட்டை, டயர், பாட்டரி, பல்பு ஆகியவை அடங்கா. வெள்ளச் சேதம் அடங்காது. குறித்த காலத்தில், குறித்த பட்டறையில் சர்வீஸ் செய்யாவிட்டால் வாரண்டி செல்லாமற் போகும். அந்தப் பட்டறை எங்கே இருக்கிறது என்பது திருவண்ணாமலைவாசி கேட்கவேண்டிய முதல் கேள்வி. எல்லாக் கம்பெனிக்கும் எல்லா ஊரிலும் பட்டறை இராது. படுத்துவிட்ட வண்டியை வேலூருக்கோ புதுச்சேரிக்கோ கட்டி இழுத்துப் போகவேண்டுமானால், இழுக்கும் கூலி யாருடையது? பத்திரத்தில் அதற்குப் பதில் இல்லையென்றால் கூலி உங்களுடையதுதான்.

வாரண்டி கொடுத்தவரே ஊரை விட்டுப் போவதும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ஆம் வருஷத்தோடு நம் நாட்டில் விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு கம்பெனி, இங்கே கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021-ஆம் வருஷம் செப்டம்பரில் அறிவித்தது. வாங்கியவர்களைக் கைவிடமாட்டோம் என்று இரு கம்பெனிகளும் சொன்னபோதிலும், பழைய விலை சரிந்தது சரிந்ததுதான். நம் தேசத்து அம்பாஸடருக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரையில் செய்யப்பட்ட அந்த வண்டியின் எஞ்சினைப் புளியமரத்தடி மெக்கானிக்கும் ஒரு நாளில் பிரித்து மாட்டிவிடுவார். அவருடைய கையே வாரண்டி! இன்றைய காரிலோ மின்மூளைகள் பல. அவற்றில் ஒன்று போனால் சுத்தியலும் ஸ்பானரும் வேலைக்காகா. தேய்மானத்தை மெக்கானிக்கின் காது கண்டுபிடிக்கும். மின்மூளை நாளை போகுமா என்று யாராலும் சொல்ல முடியாது. வாரண்டியின் அவசியம் அங்கேதான் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

ஆகவே, அந்த இரண்டு வண்டிகளில் எதை வாங்குவது? சாதாரணப் பெட்ரோல் வண்டி, கையால் கியர் மாற்றுவது, சர்வீஸ் சரித்திரம் குறைவற இருக்கிறது, நம்பிக்கையான மெக்கானிக் பார்த்துச் சரி என்கிறார் என்றால், 26,000 கிலோமீட்டர் வண்டியையே வாங்கலாம். ஆனால் கையிலுள்ள பணத்தை எல்லாம் விலையாகக் கொடுத்துவிடாமல், ஐம்பதாயிரம் ரூபாயையாவது பாங்கியில் ஒதுக்கி வைக்கவேண்டும். அதுவே நாம் நமக்கு எழுதிக் கொடுக்கும் வாரண்டி. டர்போ டீசலாகவோ, தானே கியர் மாறும் வண்டியாகவோ இருந்தால் நாம் 61,000 கிலோமீட்டர் வண்டியின் பக்கமே சாய்வோம். ஓடியாடப் பிள்ளைகள் அருகில் இல்லாத வயோதிகத் தம்பதிகளுக்கு எந்த வண்டியானாலும் எழுத்து மூலமான உறுதியே மேல். தகராறு வந்தால் வியாபாரியின் பேரில் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடலாம். தனி மனிதரிடம் வாங்கினால் அந்த வழி எளிதன்று.

எதை வாங்கினாலும் காகித விஷயத்தில் சோம்பல் கூடாது. பெயர் மாற்றத்துக்கு 29, 30 என்ற இரண்டு பாரங்கள். கடன் பாக்கி இருந்த வண்டியானால் பாங்கியின் கையெழுத்தோடு 35-வது பாரம். விற்றவர் அதே ராஜ்யத்துக்குள் பதினான்கு நாளிலும், வாங்கியவர் முப்பது நாளிலும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. பெயர் மாறாதவரை விபத்துக்குப் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ஆம் வருஷம் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆசிரமப் பக்கம் புதுச்சேரி, கர்நாடகம், ஆந்திரப் பதிவெண் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். அந்த ராஜ்யத்தின் ஆட்சேபமின்மைச் சான்றும், நம் ராஜ்யத்துக்குப் புதிதாகக் கட்டவேண்டிய வரியும் சேர்ந்தால் அந்த மலிவு எவ்வளவு தேறும் என்று TN-25 எண் கொடுக்கும் திருவண்ணாமலை ஆபீசிலேயே விசாரித்துக்கொண்டு பிறகு விலை பேசுங்கள்.

இன்ஷூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றக் கேட்கவேண்டும். விபத்தில்லாமல் ஓட்டியதற்குக் கிடைத்த பிரீமியச் சலுகை வண்டியைச் சேர்ந்ததன்று, ஓட்டியவரைச் சேர்ந்தது; விற்றவர் அதைத் தம்மோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த வித்தியாசத் தொகை எவ்வளவு என்று முன்னாலேயே கேட்டு, வண்டி விலையில் கழித்துக் கொள்ளப் பார்க்கலாம்.