சிவப்புத் தேர் வெல்லுமா?

கண்டியிலே மாலை மழை வலுத்துவிட்டால் வகுப்பறையில் ஆசிரியன் குரல் எடுபடாது. தகரக் கூரையின் குரலே மேலோங்கி நிற்கும். அத்தகைய பொழுதொன்றில், திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தை இடையிலே நிறுத்திவிட்டு மாணவரிடையே நடந்து சென்றேன். கடைசி வாங்கில் இருந்த ஒருவன் நூலின் உள்ளே ஏதோ ஒரு படத்தை மறைத்து வைத்து நோக்கிக்கொண்டிருந்தான். எடுத்துப் பார்த்தேன், செந்நிறப் பந்தயக் கார் ஒன்றின் படம். அவன் தந்தையார் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் ஒரு கராஜில் வாகனம் திருத்துபவர்.

“இது என்ன தம்பி?” என்றேன்.

“பெராரி, ஐயா. வருகிற சீசனில் இது வெல்லுமா என்று யோசித்தேன்.”

“முதலில் நீ வெல்வாயா என்று யோசி” என்றேன். வகுப்புச் சிரித்தது. அவன் தலை குனிந்தான்.

வீடு திரும்பும் வழியில் என் சொல்லே என்னைச் சுட்டது. வலிமையை அளந்தறிதல் எங்ஙனம் என்று கற்பித்துக்கொண்டிருந்தவன் நான். அவ்வினாவையே தனக்கு விருப்பமான ஒரு பொருளின் மேல் வைத்துக் கேட்டவன் அவன். அவனை ஏன் நகைத்து அடக்கினேன்? தவணை விடுமுறையில் அவனை வீட்டுக்கு அழைத்தேன். அவன் ஆசிரியனானான், நான் மாணவனானேன். அவனிடம் கற்றதை என் பண்டித வழக்கப்படி ஒழுங்கு செய்து ஈண்டுத் தருகின்றேன்.

வள்ளுவர் பொருட்பாலில் 48 ஆம் அதிகாரமாக வலியறிதலையும், 49 ஆவதாகக் காலமறிதலையும், 50 ஆவதாக இடனறிதலையும் நிறுத்தினார். வலிமை முதலிலே நிற்கின்றது. ஆனால் அது தனித்து நிற்கவில்லை. ஓர் அணியின் எதிர்காலத்தைக் கணிக்கப் புகுவோர் பெரும்பாலும் முதல் அதிகாரத்தோடு நூலை மூடிவிடுகின்றனர். பிழை அங்கேதான் தொடங்குகின்றது.

பெராரியின் வலிமையில் ஐயமில்லை. பார்முலா 1 உலகப் போட்டி தொடங்கிய 1950 ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் பங்குகொண்ட அணி அஃது ஒன்றே. கார் செய்வோர்க்குரிய பட்டத்தை 16 முறை வென்றது. 2004 இல் நடந்த 18 பந்தயங்களில் 15 இல் வாகை சூடியது. அந்த ஆண்டின் முடிவில் அடுத்த பருவத்தைப் பற்றி யாரையேனும் கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும்? ஆயினும் 2005 இல் நடந்த 19 பந்தயங்களில் பெராரி வென்றது ஒன்றே ஒன்று.

காரணம் என்ன? ஓட்டுநர் மைக்கேல் ஷூமாக்கர் தம் திறனை மறந்துவிடவில்லை. பொறியியலாளரும் மடி கொள்ளவில்லை. விதி மாறிற்று. முன்னர்ப் பந்தயத்தின் இடையே நின்று ரயர் மாற்றலாம். 2005 இலோ, தகுதிகாண் ஓட்டத்துக்கும் அதன்பின் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் ஓடும் பந்தயத்துக்கும் ஒரே தொகுதி ரயர்தான். பெராரிக்கு ரயர் வழங்கியது பிரிட்ஜ்ஸ்டோன். அதனைப் பூண்ட ஏனைய அணிகள் ஜோர்டானும் மினார்டியும் மட்டுமே, இரண்டும் பின்வரிசையின. எதிரேயிருந்த மிஷலின் நிறுவனத்துக்கோ ஏழு அணிகள். ஏழு பேர் ஓடிப் பார்த்துத் திரட்டும் அனுபவத்தை, ஒரு வல்லவன் இரு மெலியவரைத் துணைக்கொண்டு திரட்டுவது எளிதோ? துணைவலியையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று வள்ளுவர் கூறியதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுதும் விளங்கிற்று.

அவ்வாண்டில் பெராரி பெற்ற அவ்வொரு வெற்றியும் இடனறிதலுக்கு உரியது. 2005 ஜூன் 19 ஆம் நாள், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். அங்கே சரிந்தமைந்த வேகமான வளைவு ஒன்றில் மிஷலின் ரயர்கள் தாங்கா என்பது பயிற்சியிலேயே வெளியாயிற்று. பந்தயத்துக்கு முந்திய அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் கொட்டகைக்குத் திரும்பின, எஞ்சியவை ஆறு. பெராரி முதலிரு இடங்களைப் பெற்றது. நான்காம் இடத்தில் வந்தவர் ஜோர்டான் அணியின் நரேன் கார்த்திகேயன், கோயம்புத்தூரைச் சேர்ந்தவர். பார்முலா 1 போட்டியில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவரே. பருவம் முழுதும் வென்று வந்த ரயர், அவ்வொரு வளைவிலே தோற்றது.

மறு ஆண்டு, 2006 இல், ரயர் மாற்றும் உரிமை மீண்டது. பெராரி 9 பந்தயங்களை வென்றது.

காலமறிந்தோர்க்குச் சான்று வேண்டின் ஹொண்டா அணியைக் காண்க. 2008 இல் ஒன்பதாம் இடம், 14 புள்ளிகள். ஆயினும் 2009 இல் விதிகள் பெரிதும் மாறும் என்பதை முன்னுணர்ந்து, நடப்புப் பருவத்தைக் கைவிட்டு அடுத்த ஆண்டின் காரிலே உழைத்தனர். ஹொண்டா விலகியபோது அவ்வணியை ரொஸ் பிரவுண் ஏற்றார். 2009 இல் அவ்வணியே இரு பட்டங்களையும் வென்றது. ஒன்பதாம் இடத்தில் இருந்தவன் உறங்குகின்றானா, விதைக்கின்றானா என்பதைப் புள்ளிப் பட்டியல் சொல்லாது.

இனிப் பையனின் வினாவுக்கு வருவோம். பெராரி தன் கடைசி அணிப்பட்டத்தை 2008 இல் வென்றது. 2024 இல் மெக்லாரனிடம் 14 புள்ளி வேறுபாட்டில் அதனை இழந்தது. 2025 இல், ஏழு முறை உலகப் பட்டம் வென்ற லூயிஸ் ஹமில்டன் வந்து சேர்ந்தும், ஒரு கிராண்ட் பிரீயையேனும் வெல்லாமல் நான்காம் இடத்தில் நின்றது. பட்டியலை மட்டும் பார்ப்பவன் கைவிரிப்பான். ஆனால் 2026 உடன் தொடங்குவது புதிய விதிகளின் காலம். கார் குறுகியது, எடை குறைந்தது, மொத்த ஆற்றலில் ஏறக்குறைய பாதி மின்னாற்றல். அம்மின்னாற்றலின் பெரும்பகுதி தடுக்கும்போது மீட்கப்படுவது. கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கும் லொறியின் பிரேக் சூடேறி மணப்பதை நாம் அறிவோம். வெப்பமாய் வீணாகும் அவ்வாற்றலை மின்னாக்கிச் சேமித்து, ஏற்றத்திலே செலவிடுவதாக எண்ணிப் பாருங்கள். நம் வீதிகளில் ஓடும் ஹைபிரிட் கார்களிலும் தத்துவம் இதுவே. எங்கே சேமிப்பது, எங்கே செலவிடுவது என்று அறிவோனுக்கே வெற்றி.

இங்கே பெராரிக்கு ஒரு நலம் உண்டு: எஞ்சினையும் உடலையும் தானே செய்வதால் இரண்டையும் ஒன்றற்கொன்று பொருந்த வகுக்கலாம். ஒரு குறையும் உண்டு: 2026 இல் அதன் எஞ்சினைப் பூண்டவை தன்னையும் சேர்த்து மூன்று அணிகள், மெர்சிடீஸ் எஞ்சினைப் பூண்டவை நான்கு, அவற்றுள் மெக்லாரனும் ஒன்று. 2005 இன் பாடம் இதில் நினைக்கத் தக்கது. எனவே என் முடிபு: வெல்லும் என்று சொல்ல வலிமை மட்டும் போதாது, வெல்லாது என்று சொல்லப் பழைய பட்டியல் மட்டும் போதாது. புது விதியை யார் முன்னதாகக் கற்றார் என்பதை ஓட்டமே காட்டும்.

இதனைப் பையனிடம் சொன்னேன். “அப்படியென்றால் ஐயா, பரீட்சையும் அப்படித்தானே?” என்றான்.

நான் விடை சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக மாணவரின் தேர்ச்சி அறிக்கையில் தேறுவான், தேறான் என்று தீர்ப்பெழுதி வந்த கை இது. அவனுடைய முந்திய அறிக்கையிலும் ‘தேறுதல் அரிது’ என்றே எழுதியிருந்தேன். யாப்பில் அவன் தடுமாறுவதைக் கண்டேன். ரயரின் தேய்விலிருந்து ஒரு பருவத்தின் முடிவை விளக்கும் அறிவைக் காணவில்லை. வலியறியாதவன் அவனல்லன், நானே.

அடுத்த தவணை அறிக்கையில் இவ்வாறு எழுதினேன்: ‘இயந்திர நுட்பத்தில் கூர்மை உடையவன். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவுக்கு அனுப்புதல் நன்று. தமிழில் இன்னும் உழைக்க வேண்டும்.’ அவன் தந்தையார் கையெழுத்திட்டு அனுப்பிய தாளின் ஓரத்தில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. அத்தாளைக் கோப்பிலே வைத்திருக்கின்றேன்.