கருத்தடை முறையைத் தெரிவுசெய்தல்

கருத்தடை என்பது கருத்தரிப்பைத் திட்டமிட்டுத் தவிர்ப்பதற்கோ தள்ளிப்போடுவதற்கோ கையாளப்படும் முறைகளைக் குறிக்கும். எல்லோருக்கும் ஏற்ற ஒரே முறை என்று எதுவும் இல்லை. ஒரு முறையின் வினைத்திறன், அதனைப் பயன்படுத்துபவரின் உடல்நிலை, அவர் எப்போது குழந்தை பெற விரும்புகிறார் என்பன போன்றவற்றைப் பொறுத்தே தெரிவு அமைய வேண்டும்.

வினைத்திறன்

ஒரு முறையை 100 பெண்கள் ஓராண்டு பயன்படுத்தும்போது அவர்களுள் எத்தனை பேர் கருவுறுகின்றனர் என்பதைக் கொண்டு அதன் வினைத்திறன் அளவிடப்படுகிறது. இதில் இரு அளவுகள் உண்டு. விதிமுறைப்படி பிழையின்றிப் பயன்படுத்தினால் கிடைப்பது ஒன்று. மறதி, தவறான பயன்பாடு ஆகியவற்றையும் உள்ளடக்கிய நடைமுறை அளவு மற்றொன்று. நடைமுறைப் பயன்பாட்டில் ஓராண்டில் கருவுறுவோர் தொகை (100 பேருக்கு) ஏறத்தாழ வருமாறு:

- எம்முறையும் இல்லாதபோது: 85
- விந்து வெளியேறுமுன் விலகல்: 20
- ஆணுறை: 13
- கருத்தடை மாத்திரை: 7
- மூன்று மாத ஊசி: 4
- செப்புக் கருப்பையகச் சாதனம் (காப்பர்-டி): 1க்கும் குறைவு
- பெண் கருத்தடை அறுவை: 0.5
- ஆண் கருத்தடை அறுவை: 0.15
- தோலடிப் பதியம்: 0.1

மாத்திரையைப் பிழையின்றி உட்கொண்டால் 7 என்பது 0.3 ஆகக் குறையும். இவ்வேறுபாடு மாத்திரையின் குறைபாடன்று. நாள்தோறும் நினைவில் வைத்து உட்கொள்வதன் கடினமே ஆகும். இதனாலேயே, ஒருமுறை பொருத்திவிட்டால் பயன்படுத்துபவர் மேலும் எதுவும் செய்யத் தேவையற்ற முறைகள் பட்டியலின் கீழ்ப்பகுதியில் அமைகின்றன.

முறைகளும் அவற்றின் இயல்புகளும்

ஆணுறை: எச்.ஐ.வி உள்ளிட்ட பாலியல் தொற்றுகளிலிருந்தும் காப்பது இதன் தனிச்சிறப்பு. மாத்திரை, காப்பர்-டி போன்றவை இக்காப்பைத் தருவதில்லை. தேங்காய் எண்ணெய், வாசலின் போன்றவை இரப்பர் உறையை நலியச் செய்வதால் அவற்றை ஆணுறையுடன் பயன்படுத்தலாகாது.

கூட்டு மாத்திரை: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரு இயக்குநீர்களைக் கொண்டது. சூல்முட்டை வெளிப்படுவதைத் தடுக்கிறது. மாதவிடாய் வலியையும் குருதிப்போக்கையும் குறைக்கக்கூடியது.

சென்ட்குரோமன்: இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட, இயக்குநீர் அல்லாத மாத்திரை. 'சகேலி', 'சாயா' ஆகிய பெயர்களில் கிடைக்கிறது. முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும் பின்னர் வாரம் ஒருமுறையும் உட்கொள்ளப்படும்.

மூன்று மாத ஊசி: இந்திய அரசின் திட்டத்தில் 'அந்தரா' எனப்படுகிறது. ஊசியை நிறுத்திய பின்னர் கருவுறும் திறன் மீளச் சில மாதங்கள் ஆகலாம். ஆகவே விரைவில் குழந்தை பெற விரும்புவோருக்கு இது ஏற்றதன்று.

காப்பர்-டி: செப்பு அயனிகள் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றன. 380ஏ வகை 10 ஆண்டுகள் வரை பயன்தரும். அகற்றியவுடன் கருவுறும் திறன் மீளும். மாதவிடாயில் குருதிப்போக்கு மிகலாம் என்பதால் இரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவருடன் கலந்து முடிவெடுப்பது நன்று.

அறுவை முறைகள்: இவற்றை நிரந்தரமானவை என்றே கருத வேண்டும். ஆணுக்குச் செய்யப்படும் அறுவை, பெண்ணுக்குச் செய்யப்படுவதைவிட எளியது, ஆபத்துக் குறைந்தது. எனினும் அது உடனே பயன்தராது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் வேறு முறையைக் கையாண்டு, விந்துப் பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டும். இவ்வறுவையால் ஆண்மையோ உடல்வலிமையோ குறைவதில்லை.

பாதுகாப்பு

எந்நிலையிலுள்ளோர் எம்முறையைக் கையாளலாம் என்பதை உலக சுகாதார அமைப்பு நான்கு வகைகளாகப் பிரித்துள்ளது. முதல் வகையில் தடையேதும் இல்லை. நான்காம் வகையில் அம்முறையைப் பயன்படுத்தவே கூடாது. கூட்டு மாத்திரையைப் பொறுத்தவரை பின்வருவோர் நான்காம் வகையினர்:

- 35 வயதைக் கடந்து, நாளொன்றுக்கு 15 அல்லது அதற்கு மேற்பட்ட சிகரெட் புகைப்போர்
- பார்வை மாற்றம் போன்ற முன்னறிகுறிகளுடன் கூடிய ஒற்றைத் தலைவலி உடையோர்
- இரத்த அழுத்தம் 160/100 அல்லது அதற்கு மேல் உள்ளோர்
- மார்பகப் புற்றுநோய் உள்ளோர்
- குழந்தை பிறந்து ஆறு வாரம் நிறையாத, தாய்ப்பாலூட்டும் தாய்மார்

காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகள் ஆகியன மாத்திரையின் பயனைக் குறைக்கும். ஆதலால் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது.

தாய்ப்பாலூட்டலும் கருத்தடையும்

தாய்ப்பாலூட்டும் வரை கருவுறாது என்னும் நம்பிக்கை ஓரளவே உண்மை. குழந்தை ஆறு மாதத்திற்கு உட்பட்டிருத்தல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுதல், மாதவிடாய் மீண்டும் தொடங்காதிருத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் இது ஏறத்தாழ 98 விழுக்காடு காப்புத் தரும். மூன்றில் ஒன்று தவறினும் வேறு முறை தேவை.

அவசரகாலக் கருத்தடை

லெவோநோர்ஜெஸ்ட்ரெல் மாத்திரையை உறவுக்குப்பின் 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை விரைவாக உட்கொள்ள வேண்டும். ஐந்து நாட்களுக்குள் காப்பர்-டி பொருத்துவது இதனினும் வினைத்திறன் மிக்கது. இம்மாத்திரை ஏற்கனவே உண்டான கருவைக் கலைப்பதில்லை. வழக்கமான முறைக்கு மாற்றாகவும் அமையாது.

விருப்பமும் ஒப்புதலும்

இந்தியா 1952இல் தேசிய அளவிலான குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடைபெற்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. இலக்கை எட்டுவதற்காகப் பலர் வற்புறுத்தப்பட்டனர். பின்னர் அறுவையின் சுமை பெண்கள்மீது சாய்ந்தது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் பெண் கருத்தடை அறுவையைச் சார்ந்திருந்தனர். ஆண் அறுவையைச் சார்ந்தோர் 0.3 விழுக்காடே. 2014 நவம்பரில் சத்தீசுகரின் பிலாசுப்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டதை அடுத்துப் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தனர். இத்தகைய முகாம்களைக் கைவிடுமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது.

தமிழகத்தில் பெரியார் ஈ. வெ. இராமசாமி, 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கருத்தடையை மக்கள்தொகைச் சிக்கலாக அன்றிப் பெண்ணின் விடுதலை சார்ந்ததாக நோக்கினார். இன்றைய மருத்துவ நெறியும் பயன்படுத்துபவரின் விருப்பத்தையே முதன்மையாகக் கொள்கிறது. எல்லா முறைகளையும் அவற்றின் பக்கவிளைவுகளையும் அறிந்தபின் ஒருவர் தாமே தெரிந்தெடுப்பதும், ஒவ்வாதபோது மாற்றிக்கொள்ள இயல்வதும் பாதுகாப்பான கருத்தடையின் பகுதிகளாகும்.

இவற்றையும் பார்க்க

- கருத்தரிப்பு
- மாதவிடாய்ச் சுழற்சி
- பாலியல் தொற்றுநோய்கள்