அன்றாட வாசத்துக்கு ஏன் பழைய கதை இல்லை?

சாம்பார் கொதிக்கும் வாசம் நாள்தோறும் வீட்டில் எழுகிறது. அதை முகர்ந்து யாரும் ஏழு வயதுக்குத் திரும்பிப் போவதில்லை. பசிக்கிறது, அவ்வளவுதான். அதே ஆள் அரிசி ஆலை ஒன்றைக் கடக்கும்போது நெல் அவியும் மணம் மூக்கில் ஏறினால், பாட்டி வீட்டு முற்றமும் அடுப்பிலிருந்த அண்டாவும், காயும் நெல்லைக் கோழி கொத்தாமல் காவல் இருந்த பகலும் ஒருசேர வந்துவிடுகின்றன. வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் மூளையின் அமைப்பு. காட்சியும் ஒலியும் தலாமஸைக் கடந்துதான் பெருமூளைப் புறணிக்குப் போகின்றன. வாசமோ முகர்வுக் குமிழிலிருந்து, உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கு நேராகவே செல்கிறது. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும் அங்கிருந்து வெகுதூரமில்லை. உண்மைதான். ஆனால் சாம்பார் வாசமும் இதே பாதையில்தானே போகிறது?

பாதை எல்லா வாசத்துக்கும் பொது, பழக்கம்தான் வேறுபடுகிறது. ஒரு வாசம் முதன்முதலில் எதனோடு சேர்ந்து பதிகிறதோ அந்தப் பிணைப்பு எளிதில் அழியாது என்று முகர்வு ஆய்வாளர் டிரிக் எங்கன் காட்டினார். புது வாசங்களைப் பெரும்பாலும் சிறு வயதில்தான் சந்திக்கிறோம். சைமன் சூ, ஜான் டவுன்ஸ் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்களுக்குச் சொற்கள் கிளறிய நினைவுகள் 11 முதல் 25 வயதுவரையான காலத்தில் குவிந்திருந்தன. வாசங்கள் கிளறியவை 6 முதல் 10 வயதில். ஆனாலும் அந்த முதல் பிணைப்பு துலக்கமாக நிற்க வேண்டுமானால், அதே வாசத்தின்மேல் வேறு நாட்கள் ஏறி அமரக் கூடாது. இதை மார்சல் புரூஸ்ட் 1913-லேயே கண்டுகொண்டார். அவருடைய நாவலில் தேநீரில் நனைத்த மத்லேன் கேக்கின் சுவை எழுப்பிய பிள்ளைப் பருவத்தை, அந்தக் கேக்கின் தோற்றம் எழுப்பவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் கடைகளில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததால், தோற்றம் பிற்கால நாட்களோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று கதைசொல்லியே ஊகிக்கிறான். மத்லேனை மேற்கோள் காட்டுவோர் பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தினமும் குடிக்கும் காபியின் மணம்கூடச் சிலருக்கு ஊரை நினைவூட்டுகிறதே என்று கேட்கலாம். பல ஆண்டுகள் வெளிநாட்டில் அந்த டிகாக்ஷன் மணமே இல்லாமல் இருந்தவருக்கு நினைவூட்டும். இடைவெளிதான் அங்கே வேலை செய்கிறது. இன்னொரு மறுப்பு வலுவானது: வாசம் கொண்டுவரும் நினைவு மெய்யானதுதானா? ரேச்சல் ஹெர்ட்ஸும் ஜொனாதன் ஸ்கூலரும் 2002-இல் கண்டதன்படி, அத்தகைய நினைவில் உணர்ச்சி கூடுதலாக இருக்கிறது; தெளிவு கூடுவதில்லை. முற்றத்தில் நின்ற கோழி ஒருவேளை அடுத்த வீட்டுக் கதையிலிருந்து வந்ததாக இருக்கலாம். இதனால் என் வாதம் பழுதாகவில்லை. அரிய வாசம் பழையதை உணர்வோடு எழுப்புகிறது என்றுதான் சொல்கிறேன், சாட்சிக் கூண்டில் ஏற்றலாம் என்று சொல்லவில்லை. நெல் அவிப்பது வீட்டை விட்டு ஆலைக்குப் போனதால்தான், வீட்டில் அதை முகர்ந்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த மணம் கலப்பில்லாமல் இருக்கிறது. ‘பாட்டி கைமணம்’ என்று பாக்கெட்டில் விற்கும் மசாலாவின் சிக்கலும் இதுவே. வாரத்துக்கு மூன்று நாள் அதில் குழம்பு வைத்தால், சில ஆண்டுகளில் அது அலுவலக டிபன் பாக்ஸின் மணமாகிவிடும்.